லிஃப்டுக்குள் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பீர்கள். ஆனால் கடிதம் என்று ஒன்று, மின்னஞ்சலிலேயே ஆனாலும், வந்துவிட்டால், எழுதியது எதிரியாக இருந்தாலும் கடைசி வரி வரை படிக்காமல் உங்களால் கீழே வைக்க முடியாதாம். அண்ணன்தான் சொன்னார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீடியோ விளையாட்டை வாங்கி வெளியிட ஒரு ஜப்பானிய நிறுவனம் முன்வந்திருக்கிறது! எந்த விளையாட்டு என்று கேட்காதீர்கள். "லிஃப்டுக்குள்ள நாலு பேர் நின்னு பேசுறதுக்குப் பேரு விளையாட்டா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டீர்களே, அதேதான். பழைய கட்டடம், லிஃப்ட் இயக்கும் ஒரு பெண், ஏறி இறங்குகிறவர்களின் பேச்சு. யாரை யாரோடு சேர்த்து ஏற்றுவது, எந்த மாடியில் இறக்கிவிடுவது என்பதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. பேச்சு மட்டும்.

அதில்தான் வினையே. மொழிபெயர்ப்பு அருமை என்று நிறுவனத்துப் பொறுப்பாளர் அம்மாள் எழுதியிருக்கிறார். ஆனால் "எழுத்து கண்ணை உறுத்துகிறது, இப்படியே எங்கள் வாசகர்கள் முன்னால் வைக்க முடியாது" என்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் சரிசெய்தால் அவர்களுடைய இலையுதிர்கால வெளியீட்டுப் பட்டியலில் இடம். இல்லாவிட்டால் இல்லை. எது உறுத்துகிறது என்று கேட்டால், பார்த்தாலே தெரியுமே என்று பணிவாகப் பதில் வருகிறது. எனக்குத் தெரியவில்லை அண்ணி. எனக்கு எல்லாமே ஜன்னல் கம்பி மாதிரிதான் இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர்: நான், ஓவியர், புரோகிராம் எழுதும் மௌனி. இது கைநழுவினால் டயர் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் அறையைப் பூட்டிவிட்டு, அண்ணன் எனக்காகப் பார்த்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த நாற்காலியின் படத்தைக்கூட அனுப்பிவிட்டார்.

ஜப்பானியப் பத்திரிகையில் பக்கம் கோத்தவர் என் உறவில் நீங்கள் ஒருவர்தான். "எழுத்தை எடுத்து வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா, மெஷினே வைக்குது" என்று நான் அன்றைக்குச் சொன்னது நினைவில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும் கழிந்துபோனதாக வைத்துக்கொண்டு, இணைத்திருக்கும் படங்களைப் பார்ப்பீர்களா?

பட்டாசு


மார்ச் 5

பட்டாசுக்கு,

கழிந்துபோனது என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டால் ஆயிற்றா? என் பக்கத்தில் இன்னும் பாக்கி இருக்கிறது. அது இருக்கட்டும்.

உன் படங்களைப் பார்த்தேன். அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்காக இதை எழுதவில்லை, அந்த எழுத்துகளுக்காக எழுதுகிறேன்.

ஜப்பானியர்களும் சீனர்களும் ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். கணினிக்கு இரண்டு பேருடைய எழுத்தும் ஒன்றுதான். ஆனால் எழுதும் வழக்கம் வேறு. 'நேர்' என்று பொருள்படும் எழுத்தையே எடுத்துக்கொள். ஜப்பானில் அதன் இடது ஓரத்தில் ஒரு கோடு இறங்கி அடியில் மடங்கும். உன் படத்தில் அந்த மடிப்பே இல்லை, அது சீன வழக்கம். எந்த மொழி என்று நீ சொல்லாமல் விட்டிருக்கிறாய். இயந்திரம் கைக்குக் கிடைத்த பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டிருக்கிறது. அந்தப் பெட்டியில் இல்லாததை இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறது. ஆக ஒரே வாக்கியத்தில் பாதிச் சொல் தடியாகவும் பாதிச் சொல் ஒல்லியாகவும் நிற்கின்றன. படிக்க முடியும். ஆனால் படிக்கிறவருக்கு, நமக்குத் தெரிந்த ஒருவர் வேறு யாருடைய பல்செட்டையோ போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

மெஷினே வைக்கும் என்றாயே, வைத்திருக்கிறது பார்.

மொழி ஜப்பானியம் என்று இயந்திரத்திடம் முதலில் சொல். பிறகு ஒழுங்கான ஒரு ஜப்பானிய எழுத்துருவை நீயே கொடு. விளையாட்டையும் முழுதாக அனுப்பு. என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் எந்த எழுத்தில் பேச வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

அண்ணி


மார்ச் 6

அண்ணி! அண்ணி!

ஒரே ஒரு வரி. மௌனி ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். திரையில் இருந்த எழுத்தெல்லாம் சட்டென்று முகம் மாறிக்கொண்டது. ஜன்னல் கம்பிக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கே தெரிந்தது! நான் குதித்த குதியில் டயர் கடைக்காரர் மேலே ஏறிவந்து, என்ன விழுந்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஜப்பானிய ஃபாண்ட் இத்தனை வகையா? தூரிகையில் எழுதியது, சுண்ணக்கட்டியில் எழுதியது, உருண்டை உருண்டையாகக் குழந்தைக் கன்னம் மாதிரி இருப்பது என்று கண்டதையெல்லாம் இறக்கி வைத்திருக்கிறேன். ஒரு யோசனையும் வந்துவிட்டது. லிஃப்டில் ஏறும் முப்பது பேருக்கும் முப்பது ஃபாண்ட்! ஆளைப் பார்க்காமலேயே எழுத்தைப் பார்த்து யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்கலாம். ரகசியம் பேசினால் எழுத்தைச் சாய்த்துவிடுகிறேன். எப்படி?

விளையாட்டை அனுப்பியிருக்கிறேன். அண்ணனை விளையாட விடாதீர்கள். அவர் எல்லோரையும் தரைத்தளத்திலேயே இறக்கிவிட்டுவிடுவார்.

பட்டாசு


மார்ச் 11

பட்டாசு,

முப்பது எழுத்துருவா? ஒரு கல்யாணத்துக்கு முப்பது பேர் முப்பது மாறுவேடத்தில் வந்த மாதிரி இருக்கும். யாரும் யாருடைய பேச்சையும் கேட்க மாட்டார்கள், வேஷத்தைத்தான் பார்ப்பார்கள். அதோடு நீ இறக்கி வைத்திருக்கும் இலவச எழுத்துருக்களில் பாதிக்கு, அவசரத்துக்கு உதவுகிற எழுத்துகள்கூடக் கிடையாது. இல்லாத இடத்தில் வெறும் கட்டம் வரும். இருப்பதிலும் சிலவற்றை விளையாட்டுக்குள் வைத்து விற்க அனுமதி இருக்காது. கூடவே வரும் அனுமதித் தாளைப் படி. இலவசமாகக் கிடைத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சாய்க்கவும் கூடாது. ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சதுரத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது. சாய்த்தால் வரி மொத்தமும் வழுக்குகிறது. ரகசியம் என்றால் சிறிதாக்கு. இன்னொன்று: உன் இரண்டாம் மாடிக்காட்சியில் முற்றுப்புள்ளி அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கிறது. அந்தப் பத்திரிகையில் நான் அப்படி விட்டிருந்தால் என் மேலதிகாரி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். மெல்லப் பெருமூச்சு விட்டிருப்பார். அதைவிடக் கொடுமை கிடையாது.

இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று மின்ச்சோ: நிற்கிற கோடு தடிப்பு, படுக்கைக் கோடு மெலிசு, ஓரத்தில் சிறு முக்கோணம். புத்தகமும் கதையும் பெரும்பாலும் அதில்தான். இன்னொன்று கோத்திக்: எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. பெயர்ப்பலகை, திரை, அறிவிப்பு. உன் விளையாட்டு ஒரு கதை. ஆகவே மின்ச்சோ. நான் பத்திரிகையில் பயன்படுத்தியதற்கு நெருங்கிய ஒன்று கிடைத்தது. அனுமதியும் உண்டு. இணைத்திருக்கிறேன்.

விளையாட்டை முழுதாக ஆடிவிட்டேன், இரண்டு முறை. பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவரை ஒன்பதாம் மாடியில் இறக்காமல் விட்டதற்கு என்னை நானே மன்னிக்கவில்லை. இதை விளையாட்டா என்று கேட்டது தப்புதான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஆறாம் மாடியில் ஒரு பெண் ஏறுகிறாள். லிஃப்டில் தொங்கும் அறிவிப்புப் பலகையைத் தினமும் நேராக்குகிறாள். உதட்டைப் பிதுக்குகிறாள். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போகிறாள். முப்பது பேரில் அவளுக்கு மட்டும்தான் வசனமே இல்லை. அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்கிற விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதமாக இருக்கிறது. உன் அண்ணன் பார்த்த மாத்திரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். இரவுச் சாப்பாட்டை அவரே சமைத்துக்கொண்டார்.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறாம் மாடிப் பெண்ணைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். ஓவியர்தான் வரைந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவரிடம் உங்கள் புகைப்படத்தைக் கொடுத்தது நான்.

இப்போது பெரிய சிக்கல். உங்கள் மின்ச்சோவைப் போட்டோம். அறையில், பெரிய திரையில், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓவியர் கைதட்டினார். மௌனி "ம்" என்றார், அவருக்கு அது சொற்பொழிவு. பிறகு நான் அதைக் கையில் பிடித்து ஆடும் சின்னக் கைக்கருவியில் ஏற்றி, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடினேன். வெயில் பட்டதும் படுக்கைக் கோடெல்லாம் காணாமல் போய்விட்டது அண்ணி. நிற்கிற கோடு மட்டும்தான் மிச்சம். திரை முழுக்க வேலி நட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கருவி பழுதா என்று கேட்டார்.

எங்கள் விளையாட்டை எல்லோரும் இந்தக் கருவியில்தான் ஆடப்போகிறார்கள். பஸ்ஸில், படுக்கையில், வரிசையில் நிற்கும்போது. மேசையில் விரித்துவைத்துப் படிக்கிற பத்திரிகை இல்லை இது. வேறு பார்க்கலாமா? கோத்திக்கில் ஏதாவது?

பட்டாசு


மார்ச் 22

பட்டாசுக்கு,

மறுபடியும் மெஷின் சொல்கிறது, நான் கேட்க வேண்டும். அப்படித்தானே?

சுருதி கூட்டுகிறவர் தன் மகளைப் பற்றிச் சொல்லும் இடத்தைக் கோத்திக்கில் போட்டுப் பார்த்தேன். மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது. என் கை அதற்கு வராது. வெயில் அடித்தால் ஜன்னலை மூடிக்கொள்ளச் சொல். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

நீயே எதையாவது போட்டுக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

கழுதை எழுதுகிறேன்.

நானே ஒன்றைப் போட்டு அந்த அம்மாளுக்கு அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. சீனப் பெட்டித் தவறு இல்லை, நன்றி, ஆனால் "இது வங்கி இயந்திரம் பேசுவது போல் இருக்கிறது" என்றார். ஏப்ரல் ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணன் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரரிடம் எனக்காக மறுபடியும் பேசியிருக்கிறார். அவர் பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நான் கோபமாக இல்லை. பயமாக இருக்கிறது. எனக்கு இந்த லிஃப்ட் வேண்டும், அண்ணி. வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன மருந்துப் பெட்டி எனக்கு இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருக்காது. தெரிந்துவிட்ட பிறகு தெரியாதவளாக இருக்கவும் முடியவில்லை.

அண்ணனுக்கு ஒரு கைக்கருவி அனுப்பியிருக்கிறேன். பெயர்தான் அவருக்கு.

பட்டாசு


ஏப்ரல் 7

பட்டாசு, உட்கார்ந்துகொண்டு படி.

உன் அண்ணன் அந்தக் கருவியைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்தார். நானும் தொடவில்லை. அவர் குளிக்கப் போனதும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். திறந்தேன்.

வேலிதான். நீ சொன்னது முழுக்க முழுக்கச் சரி. நான் காகிதத்துக்குக் கண்ணைப் பழக்கியவள். காகிதத்தில் மை தானாகவே கொஞ்சம் கசிந்து மெல்லிய கோட்டைத் தாங்கிப் பிடிக்கும். திரையில் தாங்க ஆளில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். கோத்திக்கில் எத்தனை உண்டோ அத்தனையையும் இறக்கி, சுருதிக்காரரின் அதே வாக்கியத்தை ஒவ்வொன்றிலும் போட்டு, ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்தேன். பிறகு நிழலில். பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு. உன் அண்ணன் குடை பிடித்தார். குடையை விலக்கு, பிடி, விலக்கு என்று நான் ஏவியதில், நிறுத்தத்தில் இருந்தவர்கள் எங்களைப் படம் பிடிக்கிற ஆட்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

கிடைத்துவிட்டது. கோத்திக்தான், ஆனால் முனைகளைத் துளி மழுக்கியிருக்கிறார்கள். ஜப்பானியர் இடையிடையே கலந்து எழுதும் எளிய அசையெழுத்துகளைப் பக்கத்திலிருக்கும் கனமான சீனவழி எழுத்துகளைவிடச் சற்றுச் சிறிதாக, பழைய கையெழுத்தின் ஓட்டத்தோடு செய்திருக்கிறார்கள். கனமான எழுத்தில் கண் நிற்கும், அசையெழுத்தில் நழுவும், மறுபடி நிற்கும். பேச்சுக்கு மூச்சு வருகிறது. மருந்துப் பெட்டி இல்லை, வங்கி இல்லை. சுருதிக்காரர்தான் பேசுகிறார். பஸ் நிறுத்தத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன் அண்ணன் வெயில் என்று நினைத்துக் குடையைத் தாழ்த்திப் பிடித்தார்.

பேச்சு முழுக்க இந்தக் கோத்திக். மாடியின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் திரையை நிறைத்துப் பெரிதாக வருகிறதே, அது என் மின்ச்சோ. அந்தப் பெரிய அளவில் மெல்லிய கோடு பிழைத்துக்கொள்ளும், வெயிலிலும் பார்த்துவிட்டேன். வரிக்கு வரி இடைவெளியை எழுத்தின் பாதி உயரத்துக்குமேல் கூட்டு. ஜப்பானியத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விட மாட்டார்கள், வரிக்கு வரிதான் மூச்சு. உடனே அனுப்பு. உடனே!

அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள, மிகவும் அன்புள்ள அண்ணிக்கு,

போய்ச் சேர்ந்துவிட்டது! முந்தாநாள் அம்மாளிடமிருந்து, இதைத்தான் எதிர்பார்த்தோம், முழு விளையாட்டையும் சோதனைக்கு அனுப்புங்கள் என்று வந்தது. இன்றைக்கு அனுப்பிவிட்டோம். ஓவியர் நாற்காலியில் நின்று பாடினார். டயர் கடைக்காரர் இந்த முறை மேலே வரவில்லை, பழகிவிட்டார்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. உங்கள் கோத்திக்கில் எழுத்து பல ஆயிரம் இருக்கிறதா, கருவிக்குக் கனம் தாங்கவில்லை. ஆள் வாயைத் திறந்து ஒரு கணம் கழித்துத்தான் எழுத்து வந்தது. மௌனி ஒரு கத்தரிக்கோல் போட்டார். விளையாட்டில் யார் யார் என்ன பேசுகிறார்களோ அதற்குத் தேவையான எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார். இப்போது ஆயிரத்துச் சொச்சம்தான். பேச்சு நாக்கு நுனியில் வருகிறது.

இனி ஏப்ரல் முடியும்வரை அவர்கள் சோதிப்பார்கள். ஃபாண்டையோ புரோகிராமையோ தொட்டால் சோதனை முதலிலிருந்து தொடங்கும், பட்டியலுக்கு நேரம் இருக்காது. வசனத்தில் சில்லறைத் திருத்தம் மட்டும் அனுமதி.

அதே பிரதியை உங்கள் கருவிக்கும் ஏற்றியிருக்கிறேன். ஆறாம் மாடி வரைக்கும் கட்டாயம் போங்கள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பட்டாசு


ஏப்ரல் 22

பட்டாசு,

ஆறாம் மாடிக்குப் போனேன்.

அவள் பேசினாள். பலகையை நேராக்கிவிட்டு, லிஃப்ட்காரியைத் திரும்பிப் பார்த்து, "உலகத்தில் எல்லாமே கொஞ்சம் கோணல். இதையாவது நேராக்கிவிட்டுப் போகிறேன்" என்றாள். எனக்கு வசனம் வைத்திருக்கிறாய்! முதலில் அழுதேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது.

பழைய குருடி கதவைத் திறடி. 'கோணல்' என்று வரும் எழுத்து நம்முடைய கோத்திக் இல்லை. ஒல்லியாக, உயரமாக, யாரோ அந்நியன் மாதிரி நடுவில் வந்து நிற்கிறது. கோணலுக்குரிய எழுத்தே கோணல். இந்த வசனத்தை நீ எப்போது சேர்த்தாய்? கத்தரித்த பிறகா?

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

கத்தரித்த பிறகுதான். ஐயோ.

உங்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று மௌனிக்கும் தெரியாமல் செய்தேன். மொழிபெயர்ப்பாளரிடம் ரகசியமாகக் கேட்டு வாங்கி, அனுப்புவதற்குச் சற்று முன்னால் நானே ஒட்டினேன். அந்த எழுத்தை வேறு யாரும் பேசவில்லை போலிருக்கிறது, வெட்டியதோடு போய்விட்டது. கருவி தன் பையிலிருந்து எதையோ எடுத்துப் போட்டிருக்கிறது. மௌனியிடம் சொன்னேன். இந்தத் தடவை "ம்" கூடச் சொல்லவில்லை.

நீங்கள் ஒரே வரியில் கண்டுபிடித்ததை அந்த அம்மாள் கண்டுபிடிக்க மாட்டாரா? முதலில் உறுத்தியது இதேதானே. ஃபாண்டை மாற்றினால் பட்டியல் போய்விடும். மாற்றாவிட்டாலும் போய்விடும். ஒரே வழி, வசனத்தை எடுத்துவிட்டு அவளை மறுபடியும் ஊமையாக்குவது. எனக்கு அதைச் செய்யக் கை வரவில்லை. நீங்கள் எடு என்று சொன்னால் எடுக்கிறேன்.

பட்டாசு


ஏப்ரல் 23

பட்டாசு,

எடுக்காதே. வசனத்தை மாற்றத்தானே அனுமதி இருக்கிறது? மிச்சமிருக்கும் ஆயிரத்துச் சொச்சத்துக்குள் அவளைப் பேச வைப்போம். மௌனியிடம் சொல்லி அந்த எழுத்துகளை மொத்தமாக எனக்கு அனுப்பு. மொழிபெயர்ப்பாளரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 25

பட்டாசு,

இரண்டு நாளாக நானும் மொழிபெயர்ப்பாளரும் போனிலேயே குடித்தனம் நடத்தினோம். நல்ல மனிதர். எனக்குக் குறையாத பிடிவாதம். கோணல், சாய்வு, வளைவு எதற்கும் எழுத்து இல்லை. தத்துவம் பேச உன் லிஃப்டில் சரக்கே மிச்சமில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தப் பெண் தத்துவம் பேச மாட்டாள். நான் பேசியிருக்கிறேனா? உன் அண்ணனைக் கேள்.

அவள் சொல்வது இதுதான்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பலகையை மறைக்கிறீங்க."

ஜப்பானியத்தில் இன்னும் மரியாதையாக, இன்னும் கடுப்பாக இருக்கிறது. 'தள்ளி' இரண்டாம் மாடிப் பருமனான வக்கீல் ஏற்கெனவே பேசியது. 'நில்' லிஃப்ட்காரியுடையது. 'பலகை' காவலாளியுடையது. 'மறை' சுருதிக்காரர் தன் மகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. ஒரு புது எழுத்துகூட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். நான் வெயிலில் போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றும் உறுத்தவில்லை.

போடு, அனுப்பு.

அண்ணி


மே 9

அண்ணி!!!

பட்டியலில் நாம் இருக்கிறோம்! இலையுதிர்காலம், முதல் வாரம்! காலையில் வந்தது. நான் கத்தியதைக் கேட்டு டயர் கடைக்காரர் கீழே இருந்தே "கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். மௌனி எழுந்து என் கையைப் பிடித்து, "அண்ணிகிட்ட சொல்லுங்க" என்றார். இரண்டு சொல்! இன்சூரன்ஸ் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும், அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் எனக்கு ஒரு ஆத்திரம். அம்மாள் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கதை, படம், இசை எல்லாவற்றுக்கும் பாராட்டு. ஆறாம் மாடிப் பெண் பேசும்போது சோதித்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். எழுத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ஒரே வரி. "எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் ஆடிப் பார்த்தார்கள், எழுத்தை ஒருவரும் கவனிக்கவில்லை." அவ்வளவுதான்! நீங்கள் குடையும் வெயிலுமாக அலைந்ததற்கு, மொழிபெயர்ப்பாளரோடு மல்லுக்கட்டியதற்கு, ஒருவரும் கவனிக்கவில்லையாம். நான் பதிலுக்கு நீளமாக எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். கொரிய மொழியிலும் வெளியிடுகிறீர்களா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எங்களுக்கு நான்காவது ஆள் வேண்டும். சம்பளத்தோடு. தயவாக இல்லை, தேவையாக. வருவீர்களா?

பட்டாசு


மே 11

என் பட்டாசுக்கு,

அந்த அம்மாளுக்கு ஒன்றும் எழுதாதே. எழுதினால் உன் காலை உடைப்பேன்.

பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும் நான் எதிர்பார்த்து ஒருமுறைகூடக் கிடைக்காத ஒரு வரி அது. அங்கே மாதம் தவறாமல் யாராவது ஒரு வாசகர், எட்டாம் பக்கத்தில் எழுத்து நெருக்கம், பதினோராம் பக்கத்தில் கண் வலிக்கிறது என்று எழுதிக்கொண்டுதான் இருந்தார். பன்னிரண்டு பேர் படித்து ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்றால், பன்னிரண்டு பேரும் லிஃப்டுக்குள் இருந்திருக்கிறார்கள், திரையைப் பார்க்கவில்லை. உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். அந்த வரிக்கு வந்ததும் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். உன் அண்ணன் ஓடிவந்து, என்ன ஆயிற்று, யாருக்கு என்ன என்று பதறினார். யாரும் கவனிக்கவில்லையாம் என்று சொல்லிக்கொண்டே மறுபடி அழுதேன். அவர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். பாவம், அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது.

கொரிய எழுத்து எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டேன். அதில் வட்டம் வட்டமாக வருவது எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா?

திங்கட்கிழமை வண்டியில் வருகிறேன். உன் அண்ணன் அடுத்த மாதம் மாற்றல் கேட்டு வருவதாகச் சொல்கிறார், அதுவரை அவரே சமைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஜன்னல் பக்கம் மேசை போடு, நன்றாக வெயில் விழுகிற பக்கம்.

அண்ணி